மாமனார் மாற்றிய படிப்பு

அன்புள்ள முருகேசனுக்கு,

வழக்கமாக ஒரு நீல இன்லேண்டில் நாலு வரி எழுதி, மடிப்பில் மிச்சமிருக்கிற இடத்தில் உன் அம்மா சொல்வதையும் சேர்த்து ஒட்டி அனுப்பிவிடுவேன். இந்த முறை அது பற்றாது. முழுத்தாள் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீயும் உட்கார்ந்து படி. உன் அறையில் கூட இருக்கிறவர்கள் முன்னால் படிக்காதே, உன் மானத்துக்காகத்தான் சொல்கிறேன். உன் அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. எனக்கு ஒரு வாரமாக வயிற்றெரிச்சல். அது சாப்பாட்டால் வந்ததல்ல என்பது உனக்கே தெரிந்திருக்கும்.

"அப்பா, எல்லாம் ஒன்றுதான், பெயர்தான் வேறு" என்று எழுதியிருந்தாய். தோட்டம், சாலை, திடல், ஆற்றங்கரை என்று நிலத்தை அமைக்கக் கற்றுக்கொடுக்கிற அந்த லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் மேற்படிப்பும், உன் வருங்கால மாமனார் காட்டுகிற கட்டுமான நிர்வாகப் படிப்பும் உனக்கு இப்போது ஒன்றாகிவிட்டன. அமெரிக்காவில் கட்டுமானத்தைப் படித்துக்கொண்டே மற்றதில் இரண்டு பாடம் சேர்த்துக்கொள்வாயாம். அதனால் டெல்லியில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று எழுதிப் போடப் போகிறாயாம். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். செய்வது புளி வியாபாரம். ஆனாலும் எது எதோடு சேரும், எது சேராது என்று தரம் பிரித்துத்தான் இத்தனை காலமும் சோறு தின்றிருக்கிறேன். என் காதிலேயே பூச்சுற்றப் பார்க்காதே.

இந்தப் படிப்பின் பெயரைத் தடுமாறாமல் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆசை உனக்கு மெட்ராஸில் வந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை, என்னோடு பஸ்ஸில் வந்தபோதே வந்துவிட்டது. ரோட்டோரப் புளிய மரங்களின் ஒரு வருடக் காய்ப்பை ஏலத்தில் எடுக்கிறவன் நான். ஏலத்துக்கு முன்னால் தேனியிலிருந்து கம்பம் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து, மரத்தில் எழுதியிருக்கிற நம்பரைப் பார்த்துக்கொண்டே, எது காய்த்துக் கொட்டும், எது பூவைக் காட்டி ஏமாற்றும் என்று மனசுக்குள் மதிப்புப் போட்டுக்கொண்டே போவேன். பள்ளிக்கூட லீவில் நீயும் கூட வருவாய். நான் பூவையும் பிஞ்சையும் பார்த்துக்கொண்டு வந்தால், நீ நிழலைப் பார்த்துக்கொண்டு வருவாய். சின்னமனூர் தாண்டி ஓரிடத்தில் மேற்கே பார்த்துவிட்டு, "ஏம்ப்பா இங்கன கெழக்குப் பக்கம் மட்டும் மரத்த நட்டிருக்காக? மத்தியானத்துக்கு மேல நெழலு ரோட்டுல விழாம வயலுக்குல்ல போகுது?" என்று கேட்டாய். "நட்டவன் செத்துப் போயிட்டான், பேசாம வாடா" என்று சொன்னேன். கண்டக்டர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. உத்தமபாளையம் வரும்வரை திரும்பித் திரும்பி அந்த மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

கட்டடக் கலை கல்லூரியில் சேர்வதற்குப் படம் வரையச் சொல்லிப் பரீட்சை வைத்தார்களே, அன்றைக்கும் அப்படித்தான். உனக்குப் பிடித்த வீடு ஒன்றை வரை என்று கேட்டிருந்தார்கள். நீ வரைந்ததை வெளியே வந்து மணலில் குச்சியால் எனக்குப் போட்டுக் காட்டினாய். வேலி, கிணறு, முருங்கை, துணி காயப் போடுகிற கயிறு, மாடு நிற்கிற இடம் என்று எல்லாம் இருந்தது. "வீட்ட எங்கடா காணோம்?" என்று கேட்டேன். "நடுவுல இருக்குப்பா, மரத்துக்குப் பின்னாடி இருக்கு, இங்கேருந்து தெரியாது" என்றாய். இவனுக்கு இடம் கிடைத்த மாதிரிதான் என்று தலையில் அடித்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். கிடைத்தது. அங்கே யாரோ ஒரு வாத்தியார் உன்னைப் புரிந்துகொண்டார் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கு அவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நாலாம் வருடத்தில் ஏதாவது ஓர் இடத்தை அளந்து, அதை எப்படி மாற்றலாம் என்று வரையச் சொன்னார்கள். கூடப் படித்தவர்கள் ஆஸ்பத்திரி, ஹோட்டல், சினிமாத் தியேட்டர் என்று எடுத்துக்கொள்ள, நீ வீரபாண்டித் திருவிழாத் திடலை எடுத்துக்கொண்டு வந்து நின்றாய். தீச்சட்டி எடுத்து வருகிறவர்கள் எந்த வழியாக வருகிறார்கள், ஆற்றில் முங்கிவிட்டு ஈரத்தோடு எங்கே நிற்கிறார்கள், ராட்டினத்துக்கு எந்த இடம், கைப்பிள்ளைக்காரி எந்த நிழலைத் தேடிப் போய்ப் பால் கொடுக்கிறாள், திருவிழா முடிந்த பிறகு மிச்ச மாதமெல்லாம் அந்தப் பொட்டலில் யார் மாடு கட்டுகிறார்கள், யார் நெல் காயப் போடுகிறார்கள் என்று ஒன்று விடாமல் கேட்டு எழுதினாய். சித்திரை வெயிலில் அளக்கிற டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மறுமுனையில் நீ. உன் சித்தப்பா வேலுச்சாமி அங்கே வந்து சேர்ந்தான். "ஏண்ணே, பொட்டல அளக்குறதுக்கா அஞ்சு வருசப் படிப்பு? நம்ம சர்வேயரக் கூப்பிட்டா அரை நாள்ல அளந்துட்டுப் போயிருவாக" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நீ கோபப்படவில்லை. வரைந்ததை விரித்துக் காட்டி, "சித்தப்பா, ஒங்க கரும்புச்சாறு வண்டிய இந்த வேம்புக்குக் கிழக்கால போடுங்க. சாயந்தரம் வரைக்கும் வெயிலு அண்டாது, கூட்டமும் இப்படித்தேன் திரும்பி வரும்" என்றாய். அடுத்த வருடம் அவன் வண்டியை அங்கேதான் போட்டான். அன்றிலிருந்து இன்றுவரை அங்கேதான் போடுகிறான். உனக்கு நல்லதாக ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை என்பது வேறு விஷயம். நம் சனத்தின் சுபாவம் அது. நிழலில் நின்றுகொண்டே மரத்தைத் திட்டும்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உன் வாத்தியார், கட்டடத்தோடு நிறுத்தாதே, நிலத்தைப் படி என்று உனக்குச் சொன்னார். போன தை மாதம் நீ எனக்கு எழுதிய கடிதம் அலமாரியில் இருக்கிறது. உனக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். மெட்ராஸில் இந்த மேற்படிப்பு கிடையாது, வழி மூன்றுதான் என்று எழுதியிருந்தாய். முதலாவது டெல்லி. கட்டடக் கலை முடித்தவனுக்கு இரண்டு வருடம், வரைந்த படங்களைக் கட்டிக்கொண்டு போய் நேரில் காட்ட வேண்டும், இடம் கிடைத்தால் கைச்செலவுக்கு அவர்களே ஏதோ கொடுப்பார்கள். இரண்டாவது அமெரிக்கா. உன்னைப் போலக் கட்டடக் கலை படித்தவனுக்கு அங்கேயும் இரண்டு வருடம், மற்றவர்களுக்கு மூன்று. அதற்கு இங்கிலீஷ் பரீட்சை ஒன்று, பொதுப் பரீட்சை ஒன்று, வாத்தியார்களின் சிபாரிசு, விசாவுக்குப் பேங்கில் பணம் இருப்பதாகக் காட்டுவது என்று ஆயிரம் சடங்கு. மூன்றாவது, பெங்களூரில் தோட்டம் அமைக்கிற ஒரு பெரிய ஆர்க்கிடெக்டிடம் சில வருடம் வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொள்வது. பட்டம் கிடைக்காது, தொழில் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாய் தெரியுமா? உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கே புரிந்தது.

அதற்கு நான் எழுதிய பதிலும் உன்னிடம் இருக்கும். எனக்குத் தெரிந்தது புளி ஏலம், அதில் நான் கேட்கிற கேள்விகளைத்தான் உன்னையும் கேட்கச் சொன்னேன். புது ரோட்டில் மரம் எடுப்பதற்கு முன்னால், போன வருடம் அதை எடுத்தவனைத் தேடிப் போய்க் கேட்பேன். நீயும் அந்தந்தக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்களைத் தேடிப் போய் இப்போது என்ன வேலை செய்கிறார்கள் என்று கேள் என்றேன். மரத்தின் உயரத்தைப் பார்த்து மயங்காதே, மண்ணைப் பார் என்றேன். நீ கேட்டாய், ஊர் ஊராக அலைந்து கேட்டாய். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த ஒருவர் உன்னிடம், அங்கே வாத்தியார்கள் கெட்டிக்காரர்கள், அந்த மாதிரி லைப்ரரி இங்கே கிடையாது, ஆனால் பனியில் வளர்கிற மரத்தைப் படித்துவிட்டு வந்து வேப்ப மரத்தின் முன்னால் முழித்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னாராம். "அதனால் முதலில் டெல்லி அப்பா. நம் வெயில், நம் மழை, நம் மரம். அதற்குப் பிறகு முடிந்தால் அமெரிக்கா" என்று நீதான் எழுதினாய். நான் சொல்லவில்லை, உன் அம்மா சொல்லவில்லை. நீ உன் கைப்பட எழுதினாய். பங்குனியில் டெல்லிக்குப் போய்ப் படங்களைக் காட்டிவிட்டு வந்தாய். வைகாசியில் இடம் கிடைத்துவிட்டது என்று தந்தி அடித்தாய். தந்தி என்றதும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று உன் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். படித்துச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

இதற்கு நடுவில்தான் தனுஷ்கோடி சம்பந்தம் வந்தது. தேனியில் பாதிக் கட்டடம் அவர் கட்டியது. கல்யாண மண்டபம், லாட்ஜ், பள்ளிக்கூடம் என்று எங்கே சாரம் நின்றாலும் அது காண்டிராக்டர் தனுஷ்கோடியின் சாரம் என்பார்கள். அவர் வீட்டிலிருந்து பெண் தருகிறேன் என்று ஆள் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை மறைக்க மாட்டேன். ரோட்டோரம் புளி உலுக்குகிறவன் வீட்டுக்குக் காரில் வந்து இறங்குகிறார்கள் என்றால் யாருக்குத்தான் இருக்காது? நீயும் வந்து பெண்ணைப் பார்த்தாய், பிடித்திருக்கிறது என்றாய். அந்தப் பிள்ளை கௌமாரி தாவரவியல் பட்டம் வாங்கியவள் என்று கேட்டதும் உன் முகம் மலர்ந்ததை நானும் பார்த்தேன், உன் அம்மாவும் பார்த்தாள். அவள் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போன பிறகும் நீ கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு நீ வரவில்லை, நீ வேலை பார்க்கிற மெட்ராஸ் ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. நம் பக்கத்தில் மாப்பிள்ளை இல்லாமலே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது உண்டு என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டை மாற்றியாயிற்று, ஆவணியில் முகூர்த்தம் என்று வாசித்தாயிற்று. பந்தியில் உட்கார்ந்து பாயசம் ஊற்றுகிற நேரத்தில் தனுஷ்கோடி பக்கத்து இலையிலிருந்து என் தோளைத் தட்டினார். "சம்பந்தி, மாப்பிள்ள அமெரிக்காவுக்கே போகட்டும், செலவு எம் பொறுப்பு. கல்யாணத்த முடிச்சுட்டு மார்கழியில ஏறிக்கிறட்டும். ஆனா இந்தச் செடி கொடிப் படிப்பு நமக்கு எதுக்குங்கிறேன்? நாளைக்கு நாலு பேரு, தனுஷ்கோடி மருமகன் தோட்டக்காரனுக்குப் படிச்சிருக்காருன்னு பேசிரக் கூடாது பாருங்க. கட்டடம் சம்பந்தமா படிக்கட்டும். வந்தாகன்னா நம்ம வேலையெல்லாம் அவுக கையிலதேன்" என்றார். சுற்றியிருந்தவர்கள் ஆகா என்றார்கள். உன் சித்தப்பா எல்லோருக்கும் மேலே ஆகா என்றான். பெண்கள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த உன் அம்மா அங்கிருந்தே என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக? பிள்ளை டெல்லிக்குப் போறான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கும்?" என்று பிடித்துக்கொண்டாள். அவளிடம் நான் சொன்ன பதிலை உனக்கும் சொல்கிறேன். எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சொல்லி முடித்த பிறகு எடுத்தவன் பின்வாங்கக் கூடாது. பின்வாங்கினால் கட்டிய டெபாசிட் போகும். அதைவிட, மறு வருடம் அவன் வந்து நின்றால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஓர் ஆடியில் காற்றடித்துப் பூவெல்லாம் உதிர்ந்து நான் எடுத்த மரமெல்லாம் மொட்டையாக நின்றபோதுகூட நான் பின்வாங்கவில்லை. தட்டு மாற்றியது மூன்று தரம் சொன்ன மாதிரி என்று என் புத்தியில் ஏறிவிட்டது. கல்யாணம் ஏலமா என்று உன் அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு, "பிள்ளையக் கேளுங்க. அவன் ஒத்துக்கிற மாட்டான், அவனே வேணாம்னு எழுதிருவான்" என்று உறுதியாகச் சொன்னாள். எனக்கும் அதே நம்பிக்கைதான். நான் பேச முடியாததை நீ பேசுவாய், எனக்கும் தப்பிக்க வழி கிடைக்கும் என்று உனக்கு விவரமாக எழுதினேன்.

நீ எழுதிய பதிலைத்தான் மேலே சொன்னேன். "எல்லாம் ஒன்றுதான்." அதுவும் போன தபாலுக்கு மறு தபாலில் வந்துவிட்டது! யோசிக்க ஒரு நாளாவது எடுத்துக்கொண்டாயா? வாத்தியாரைப் போய்ப் பார்த்தாயா? தனுஷ்கோடிக்கு, மாமா, இதுதான் என் படிப்பு, இதற்குக் காரணம் இது என்று அந்தத் திடல் படத்தை விரித்துக் காட்டினாயா? வெயிலில் நின்று உன் சித்தப்பாவுக்குக் காட்டத் தெரிந்தவனுக்குக் காரில் போகிறவருக்குக் காட்ட வாய் வரவில்லை. அவர் உன்னை மிரட்டவில்லை. கண்டிஷன் என்றுகூடச் சொல்லவில்லை, தன் ஆசையைத்தான் சொன்னார். மறுத்திருந்தால் என்ன செய்திருப்பார்? கொஞ்சம் முறைத்திருப்பார். அதைக்கூட நீ பார்க்கத் தயாராக இல்லை. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவர் தன் பெண்ணுக்கும் தன் தொழிலுக்கும் ஏற்ற ஆளைத் தேடுகிறார். உன் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

போன வெள்ளிக்கிழமை முகூர்த்தப் பட்டு எடுக்க மதுரைக்குப் போனோம். தனுஷ்கோடியின் அம்பாசடரில் முன்னால் டிரைவரோடு அவரும் நானும், பின்னால் சம்பந்தியம்மாள், உன் அம்மா, கௌமாரி. ஆண்டிபட்டி தாண்டிக் கணவாய் ஏறுகிற இடத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் தேடிப் போனான், கூடவே தனுஷ்கோடியும் டீக்கடையைப் பார்க்கப் போனார். நான் பழக்க தோஷத்தில் ரோட்டோரப் புளிய மரத்தடியில் நின்று அண்ணாந்து பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை காரிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். "மாமா, இந்த மரத்துல எதுக்கு நம்பரு போட்டிருக்காக?" என்று கேட்டாள். சொன்னேன். "காய் மட்டுந்தேன் ஏலம் எடுத்தவனுக்கு ஆத்தா. மரம் சர்க்காருக்கு. ஒரு கொப்ப ஒடிச்சாலும் தண்டம் கட்டணும்." அவள் கீழே உதிர்ந்து கிடந்த பூ ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "பாருங்க, மூணு எதழுதேன் பெருசு. இன்னும் ரெண்டு இருக்கு, நூலு மாதிரி, தெரியவே தெரியாது" என்றாள். எத்தனையோ வருடமாக அந்தப் பூவைப் பார்த்து மதிப்புப் போடுகிறேன், ஒருநாளும் இதழைப் பார்த்ததில்லை.

பூவைக் கீழே போடாமலே வைத்துக்கொண்டு அவள் பேசினாள். பேச வேண்டும் என்றுதான் இறங்கி வந்திருக்கிறாள் என்று அப்புறம்தான் எனக்கு விளங்கியது. "அவுக மரஞ்செடி படிக்கப் போறாகன்னு அம்மா சொன்னப்ப எனக்கு அம்புட்டுச் சந்தோசம் மாமா. எங்க வீட்டுல சிமிண்டு, செங்கல்லு, ஜல்லி, இதுதேன் பேச்சு. அவுககூடப் பேசிக்கிறதுக்கு நமக்குன்னு ஒரு விசயம் இருக்கும்னு நெனச்சேன். டெல்லின்னா ரெண்டு வருசம். காத்திருக்கச் சொல்லியிருந்தா காத்திருப்பேன். கூட வான்னு சொல்லியிருந்தா போயிருப்பேன். எங்கிட்ட யாருமே கேக்கல" என்றாள். அப்பாவிடம் நீ சொல்லிப் பார்த்தாயா ஆத்தா என்று கேட்டேன். "சொன்னேன். மாப்பிள்ளையே சம்மதிச்சுட்டாக, ஒனக்கென்னன்னு கேட்டாக" என்றாள். தூரத்தில் தனுஷ்கோடி டம்ளரைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்துவிட்டு அவள் அவசரமாக, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டாள்.

"எங்கப்பா ஒரு வார்த்த சொன்னதுக்கே, அஞ்சு வருசமா ஆசப்பட்ட படிப்ப மாத்திக்கிட்டாக. நாளைக்கு வேற ஒருத்தரு வந்து ஒரு வார்த்த சொன்னா, என்னயவும் மாத்திக்கிருவாகளா மாமா?"

அவள் அழவில்லை, கோபமாகவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். அதற்குள் தனுஷ்கோடி வந்துவிட்டார். மரத்தை அண்ணாந்து பார்த்து, "இதையெல்லாம் எடுத்துட்டாத்தேன் சம்பந்தி, ரோடு ரோடா இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மதுரைக் கடையில் முதலில் விரித்த புடவையையே அந்தப் பிள்ளை போதும் என்று சொல்லிவிட்டது. சம்பந்தியம்மாளுக்கு ஒரே பெருமை, "எங்க பிள்ளைக்கு எதுலயும் பிடிவாதமே கிடையாது" என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். உன் அம்மாவிடம் அன்றைக்கே இதைச் சொன்னேன். அவள் உன் கடிதத்தை எடுத்து இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். பாதியில், போதும் நிறுத்துங்க என்றாள்.

நான் முடிவு பண்ணிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை தனுஷ்கோடி வீட்டுக்குப் போகிறேன். என் மகன் எதைப் படிக்க வேண்டும் என்பது தட்டில் வைத்து மாற்றிய பொருள் இல்லை, அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன் என்று சொல்லப் போகிறேன். அவர் சம்பந்தத்தை முறித்தாலும் முறிக்கட்டும். தேனி கடைவீதியில் நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொள்ளட்டும். டெபாசிட் போனால் போகட்டும், நஷ்டம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் நான் போய்ப் பேசுவதால் நீ தப்பித்துவிட்டதாக நினைக்காதே. நான் திறக்கப் போவது என் வாயை மட்டும்தான்.

டெல்லியில் ஆடியில் வகுப்பு. வருகிறேன், வரவில்லை என்று இந்த ஆனி முடிவதற்குள் நீ அவர்களுக்கு எழுத வேண்டும். டெல்லிக்குப் போனாலும் சரி, அமெரிக்காவுக்கே போய்க் கட்டுமானமே படித்தாலும் சரி, பெங்களூரில் போய் வேலையில் சேர்ந்தாலும் சரி. தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையை நான் கையைப் பிடித்து இழுக்க மாட்டேன். ஒன்றே ஒன்று செய். எதை எழுதிப் போடுவதற்கு முன்னாலும் ராத்திரி பஸ் பிடித்துத் தேனிக்கு வா. என்னைப் பார்க்க வேண்டாம், நேராக அவள் வீட்டுக்குப் போ. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்தால் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ, முழங்கால் வலியோடும் வருவாள். கௌமாரியின் முகத்தைப் பார்த்து, "எல்லாம் ஒன்றுதான்" என்று உன்னால் சொல்ல முடிகிறதா பார். முடிந்தால் உன் மாமனார் சொல்கிற படிப்பையே படி, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுதாதே. கேட்டது அவள்.

உன் அப்பா